எடை போடாத சாமான்கள்

லண்டன்
11-1-1965

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி பிரம்மநாயகம் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே சுகம் இல்லை என்பது தெரிந்தும் பழக்கத்தில் கேட்கிறேன்: நீயும் அத்தானும் பேராச்சியும் எப்படி இருக்கிறீர்கள்?

பேராச்சிக்குப் பம்பாய் டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டு உன் கடிதத்தோடு வந்தது. என் அறையில் கூட இருப்பவருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் அதைப் படித்துவிட்டு வேறு சீட்டு எழுதித் தந்தார். அங்கே கிடைக்காத அந்த ஊசி மருந்து இங்கே கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கொடுக்கிறார்கள். மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. ஆகையால் தபாலில் அனுப்ப வழியில்லை. விமானத்தில் வருகிற யாராவது கையோடு கொண்டு வந்தால்தான் உண்டு.

கப்பல் வேலையை விட்டு விமான நிலையத்தில் சேர்ந்தபோது, ‘பெட்டி தூக்கவா லண்டன் போனான்’ என்று ஊரில் சிரித்தார்கள். அந்த வேலை இப்போது உதவுகிறது. பம்பாய் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இங்கே பெட்டியோடு கையில் இருக்கும் பையையும் சேர்த்து எடை போடுவார்கள். இருபது கிலோ தாண்டினால் கட்டணம். மேல்கோட்டு, குடை, பெண்கள் கைப்பை, சின்னக் காமிரா, வழியில் படிக்கப் புத்தகம், கைக்குழந்தைக்கு வேண்டிய ஆகாரம், இவற்றை மட்டும் எடை போடாமல் விடுவார்கள். பிளாஸ்க் அதில் சேராது. கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் போய் நின்றேன். “குழந்தைக்குத்தானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்படியானால் ஆகாரம்தான்” என்று சொல்லி விட்டுவிட்டாள்.

மாட்டுங்காவைச் சேர்ந்த விஜயலக்ஷ்மி அம்மாள், மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர், எடுத்து வர ஒப்புக்கொண்டார். தந்தி கொடுத்திருக்கிறேன். கஸ்டம்ஸில் காட்ட டாக்டர் சீட்டும் அவரிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் பிளாஸ்க் வந்துவிடும்.

பேராச்சியை மாமா கேட்டதாகச் சொல். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
பிரம்மநாயகம்


தாராவி
20-3-1965

தம்பி பிரம்மநாயகத்துக்கு அக்காள் சண்முகவடிவு ஆசீர்வாதம். குளிரில் மார்புச்சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே உன் அத்தான் விக்ரோலி ஒர்க்‌ஷாப்புக்குத் தவறாமல் போய் வருகிறார். நான் பாதி நாள் வீட்டிலும் பாதி நாள் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறேன்.

தந்தி கண்டதும் மாகிமில் ரயிலேறி சாந்தாகுரூஸ் போனோம். உன் அத்தான் அட்டையில் என் பெயரை எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விஜயலக்ஷ்மி அம்மாள் பிளாஸ்க்கைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். “மூணு தரம் ஐஸ் மாத்தச் சொன்னேன். அந்த ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு கொஞ்சம்கூட முகம் சுளிக்கலை. குழந்தை எப்படி இருக்கா?” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று ஊசி போட்டதும் பேராச்சிக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. ஈறில் ரத்தம் நின்றது. “மாமா ஏன் வரல?” என்று கேட்டாள். “மாமா பிளேன்ல பெட்டி ஏத்துதாவ, அவுகளுக்கு லீவு கெடயாது” என்றேன். “அப்பம் ஒரு பெட்டிக்குள்ள ஒளிஞ்சிட்டு வரலாம்லா?” என்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பது சாயிரா. இவள் வயதுதான், இதே ரத்தக் கோளாறுதான். அவள் தாய் ராபியா நம் பக்கத்து மேலப்பாளையத்துக்காரி. பாண்டுப்பில் இருக்கிறார்கள். இரண்டு நாள் என் முகத்தையே பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டாள்: “அக்கா, ஒங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். எம் மவளுக்கும் இதே ஊசிதான் எழுதியிருக்காவ.” கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முடியுமா?

அடுத்த பிளாஸ்க்கும் நல்லபடி வந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்காள்,
சண்முகவடிவு

மாமா பிளேன் மேகத்துக்கு மேலே போகுமா கீழே போகுமா. பேராச்சி.


லண்டன்
2-5-1965

அக்காளுக்குத் தம்பி எழுதுவது. சளி இல்லை, நன்றாக இருக்கிறேன். பேராச்சியின் கையெழுத்தைப் பார்த்ததும் அன்று வேலையே ஓடவில்லை. மேகத்துக்கு மேலேதான் போகும் என்று அவளிடம் சொல்.

சாயிராவுக்காக மருந்துக் கடையில் கேட்டேன், டாக்டரிடமும் கேட்டேன். ஒரு சீட்டுக்கு ஒரு பிள்ளையின் மருந்துதான். வேறு பிள்ளையின் பேரில் சீட்டு வாங்க இன்னொரு டாக்டர் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இரண்டாவது பிளாஸ்க்கை யார் தூக்குவார்கள்? ஒன்றுக்கே எத்தனை பேரிடம் நிற்கிறேன் தெரியுமா? சிலர் நான் போட்டிருக்கும் காக்கியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம் சிலருக்கு. ‘என் மருமகளுக்கு’ என்று ஆரம்பிப்பேன். பெயரைச் சொல்வேன். பெட்டிக்குள் ஒளிந்து வரச் சொன்னாளே, அதையும் சொல்வேன். அதற்குச் சிரித்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். சிரிக்காதவர்களிடம் மேற்கொண்டு பேசுவதில்லை.

இரண்டைக் கொண்டுபோய் நின்றால் ஒன்றும் போகாது என்று பயப்படுகிறேன். ராபியாவிடம் என்ன சொல்வாயோ தெரியவில்லை. தம்பி கல்நெஞ்சுக்காரன் என்று வேண்டுமானாலும் சொல்லிவிடு.

எல்லோருக்கும் என் அன்பு.

பிரம்மநாயகம்


தாராவி
10-7-1965

தம்பிக்கு அக்காளின் ஆசீர்வாதம். இங்கே மழை பிடித்துவிட்டது. வாசலில் தண்ணீர், உள்ளே தண்ணீர், ஆனாலும் எல்லோரும் சுகம் என்று இந்தத் தடவை மனசார எழுதுகிறேன்.

பேராச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊசிக்கு மட்டும் வார்டுக்குப் போகிறோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்தோம். உன் அத்தான் அவளைத் தோளில் வைத்துச் சேற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறார்.

ராபியாவிடம் நீ எழுதியதைச் சொன்னேன். “அவுக மட்டும் என்ன செய்வாக” என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பேராச்சிக்கு ஊசி போடும்போது எழுந்து வெளியே போய்விடுகிறாள். அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

சண்முகவடிவு

மாமா நான் ரெண்டாம் வகுப்பு. சாயிரா என்னை விட குட்டை. பேராச்சி.


லண்டன்
6-10-1965

அன்புள்ள அக்காளுக்கு, யாவரும் நலமா? ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பாகிஸ்தான் சண்டையால் தபால் தங்கிவிட்டதா? பம்பாயில் விளக்கை அணைத்து வைத்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். பேராச்சி பயந்தாளா?

செப்டம்பர் பிளாஸ்க் வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் தவிக்கிறேன். அன்று இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் துணிப்பையோடு வந்த ஒரு வயதான அம்மாள். இன்னொருவர் செம்பூர் திருவேங்கடம், பெரிய கம்பெனி ஆபீசர். சண்டைக் காலத்தில் விமானங்கள் வழி மாறிப் போகின்றன, நடுவில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றினால் அந்த அம்மாள் திண்டாடுவாரே என்று ஆபீசரிடம் கொடுத்தேன். கையை விட்டுக் கீழே வைக்காதீர்கள் என்று பலமுறை சொன்னேன்.

இந்த மாதப் பிளாஸ்க் வருகிற வாரம் புறப்படும். தந்தி கொடுக்கிறேன். உடனே பதில் எழுது.

பிரம்மநாயகம்


தாராவி
22-10-1965

தம்பிக்கு ஆசீர்வாதம். உன் சுகத்துக்கு எழுது.

செப்டம்பர் பிளாஸ்க் வந்தது. இந்த மாதத்துடையதும் வந்தது, ஐஸ் கரையாமல் இருந்தது. பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தது. அடுத்த மாதத்து மருந்தைத் தாமதம் செய்யாமல் அனுப்பு. தாமதமானால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்கிறார்.

வீட்டு வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

சண்முகவடிவு


லண்டன்
8-12-1965

அக்காளுக்கு வணக்கம். அத்தான் சௌக்கியமா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக எப்போதும் வந்ததில்லை. பிள்ளை பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடம் போனவள் மறுபடி எப்படிப் படுத்தாள்? அடியில் அவள் எழுத்து இல்லையே. கையில் தெம்பு இல்லையா, மாமாவோடு கோபமா?

பிளாஸ்க்கோடு சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று அனுப்புகிறேன். கொண்டு வருகிற அம்மாள் எடையில் சேராமல் இருக்க அதைத் தன் மேல்கோட்டுக்குள் கழுத்தில் சுற்றிக்கொண்டார். அளவு தெரியாமல்தான் வாங்கினேன். போட்டுப் பார்த்து எழுது. அவளையும் ஒரு வரி எழுதச் சொல்.

பிரம்மநாயகம்


தாராவி
12-1-1966

தம்பிக்கு ஆசீர்வாதம். அத்தான் சுகம். நானும் இருக்கிறேன்.

மருந்து வந்தது. ஸ்வெட்டர் பிள்ளைக்குச் சரியாக இருக்கிறது. இப்போது நடக்கிறாள். எழுதத்தான் வரவில்லை. அதற்காக நீ வருத்தப்படாதே. வெந்நீரில் குளி.

சண்முகவடிவு


லண்டன்
24-2-1966

அத்தான் அய்யாத்துரை அவர்களுக்கு மைத்துனன் பிரம்மநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் நலத்தை அறிய ஆவல். வீட்டு முகவரிக்கு எழுதாமல் ஒர்க்‌ஷாப்புக்கு எழுதுவதற்கு மன்னிக்கவும்.

மாட்டுங்காப் பையன் பஞ்சு இங்கே படிக்கிறவன். ஜனவரியில் லீவுக்குப் போனவன் கையில் பிளாஸ்க் கொடுத்து அனுப்பினேன். நேற்று திரும்பி வந்து இறங்கினான். என்னைத் தேடி வந்து சொன்னான்: “உங்க அக்காவோட உங்க மருமகளும் வந்திருந்தா. சிவப்பு ஸ்வெட்டர் போட்டுண்டு, அந்த வெயில்லயும் கழட்ட மாட்டேன்னா. பேர் என்னன்னு கேட்டேன், சாயிரான்னா. நீங்க வேற பேர்னா சொன்னேள்?”

பெட்டிகள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

அத்தான், அக்காள் எழுத மாட்டாள். நீங்கள் எழுதுங்கள். பேராச்சி எங்கே?

பிரம்மநாயகம்


விக்ரோலி
9-3-1966

பிரம்மநாயகத்துக்கு அய்யாத்துரை எழுதுவது. நீ தைரியமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். பேராச்சி போய்விட்டாள். புரட்டாசி முதல் செவ்வாய்க்கிழமை. சயானில் அடக்கம் செய்தோம்.

அந்த ஆபீசர் வந்து இறங்கினார். கையில் பிளாஸ்க் இல்லை. கேட்டதற்கு, “பெய்ரூட்ல வேற விமானம் மாத்தினாங்க. கையில ஒரு பைக்கு மேல விடமாட்டேன்னுட்டான். ஆபீஸ் பேப்பர் பை இருந்தது. பிளாஸ்க்கைச் சட்டைங்களுக்கு நடுவுல பத்திரமாத்தான் வெச்சேன்” என்றார். அங்கேயே சூட்கேஸைத் திறந்தார். சட்டையெல்லாம் ஈரம். உள்ளே கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது, மருந்துப் புட்டியும் போயிற்று. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அதில் இருந்தது என்ன என்று அவருக்கு விளங்கியது. கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போது சில நேரம் தோன்றுகிறது.

ஊசி தவறியதும் பேராச்சிக்கு மறுபடி ரத்தம் கசிய ஆரம்பித்தது, வார்டில் சேர்த்தோம். டாக்டர்கள் ரத்தம் ஏற்றினார்கள். என்னுடையதையும் எடுத்தார்கள். நிற்கவில்லை.

அடுத்த மாதத்துப் பிளாஸ்க் வந்த பிறகு, “தம்பிக்கு எழுதிருவோம் வடிவு” என்றேன். “எழுதுனா பிளாஸ்க் நின்னுரும்” என்றாள். “நின்னா நமக்கு என்ன?” என்று கேட்டுவிட்டேன். மறுநாள் அவளோடு வார்டுக்குப் போனேன். சாயிராவைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

இதை எழுதியது அவளுக்குத் தெரியாது. நீ அவள்மேல் கோபப்படாதே. சாப்பிடாமல் இருந்துவிடாதே.

அய்யாத்துரை


லண்டன்
20-5-1966

அக்காளுக்கு, தம்பி எழுதுவது. சுகமா என்று கேட்க இந்தத் தடவை வரவில்லை.

அத்தான் எழுதிவிட்டார். நீயும் தெரிந்துகொண்டிருப்பாய். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. நான் அழ வேண்டிய நாளில் என்னை ஸ்வெட்டர் வாங்க வைத்தாய். இல்லாத பிள்ளை சொன்னதைச் சொல்லிச் சொல்லி வழிப்போக்கர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசியதை நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது.

பிறகு கோபம் என்மேல் திரும்பியது. அந்தத் துணிப்பை அம்மாளுக்கு வேறு சாமானே இல்லை. கையில் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. நான் கோட்டையும் இங்கிலீஷையும் பார்த்து ஆளை எடுத்தேன். பிளாஸ்க் உடைந்ததை நீ எழுதாமல் விட்டதற்கும் காரணம் இதுதான் என்று புரிகிறது.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருந்து வாங்கினேன். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வரிசைப் பக்கம் போனேன். ‘என் மருமகளுக்கு’ என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன். இரண்டு மாத மருந்தும் என் அறை ஜன்னலில் கெட்டுப் போனது. நீ ஏன் அனுப்பவில்லை என்று ஒரு வரி கேட்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அவள் எப்படிப் போனாள் என்று அத்தான் எழுதவில்லை. நீ எழுது. இனி நான் ஆட்களிடம் என்ன சொல்லிக் கேட்பது என்பதையும் நீயே சொல்.

பிரம்மநாயகம்


தாராவி
3-6-1966

என் தம்பிக்கு அக்காள் ஆசீர்வாதம். நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்ற நினைப்பாகவே இருக்கிறேன். உன் அத்தானுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இன்று தேவலை.

நீ கேட்டதை எழுதுகிறேன். எழுதுவதற்கு நான்கு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் புழுக்கமாக இருந்தது. கரண்டு இல்லை. அவளுக்கும் சாயிராவுக்கும் காலையில் சண்டை, ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்று. நர்ஸ் வந்து இவளை ஜன்னலோரம் மாற்றினாள், காற்று வரட்டுமென்று. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். “ஏட்டி சாயிரா, நாளைக்கு நீ இங்க படு” என்று சொன்னாள். பேசும்போது உதட்டில் ரத்தம் வந்தது. நான் துடைத்தேன். “அம்மா, வீசு” என்றாள். பனை விசிறியால் வீசினேன். கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன், தம்பி. சத்தம் போடாதே என்று மற்றவர்களுக்கு நானே கையைக் காட்டினேன். வீசிக்கொண்டே இருந்தேன். ராபியா எழுந்து வந்தாள். அவள் பேராச்சியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து விசிறியை வாங்கினாள். “போதும்க்கா” என்றாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. “அவ தூங்குதா, நீ போ” என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

அப்படித்தான் போனாள். வலி என்று சொல்லவில்லை.

அடுத்த பிளாஸ்க்குக்கு உன் தந்தி வந்தபோது சாயிராவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஊர் தெரியாத மனிதர் யாரோ பிளாஸ்க்கோடு சாந்தாகுரூஸில் நிற்பார், நாம் போகாவிட்டால் என்ன செய்வார் என்றுதான் போனேன். வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். வீட்டுக்கு வருவதற்குப் பதில் பழக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். வார்டுக்குள் போய் நின்ற பிறகுதான் இவள் இல்லை என்பது உறைத்தது. ஜன்னலோரக் கட்டிலில் சாயிரா கிடந்தாள். ராபியா என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போகப் பார்த்தாள். நான்தான் போகவிடவில்லை.

உன்னை ஏமாற்ற வேண்டுமென்று எழுதவில்லை. எழுதினால் நீ உடைந்துபோவாய், மருந்தும் நின்றுபோகும். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மார்ச்சில் பிளாஸ்க் வராதபோது உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அதன் பிறகு கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ராபியாவும் கேட்கவில்லை. சாயிரா ஏப்ரல் கடைசியிலிருந்து மறுபடி வார்டில் இருக்கிறாள். ஸ்வெட்டரை மட்டும் கழற்ற விடுவதில்லை. டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. மருந்து வந்தால் பார்ப்போம் என்கிறார்.

உன்னால் முடிந்தால் அனுப்பு. முடியாவிட்டால் அதையும் எழுது, நான் ராபியாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஆட்களிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று எழுதியிருந்தாய். சாயிரா என்று சொல். பாண்டுப் ரஹ்மத்துல்லா மகள், எட்டு வயது, சண்டைக்காரி, ஆனால் நன்றாகப் பாடுவாள் என்று சொல். பேராச்சியின் பெயரை இனிமேல் வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்ல வேண்டாம், தம்பி. அதை நாம் மூன்று பேரும் வைத்துக்கொள்வோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை.

உன் அக்காள்,
சண்முகவடிவு